கயிறு யார் கையில்?

உலகம் ஒரு சிற்றூராகிவிட்டது என்னும் சொற்றொடர் இன்று மேடைதோறும் முழங்குகிறது. கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மக்லுகன் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை எடுத்துரைத்தார். மின்வழிச் செய்தித் தொடர்பு மனித வாழ்வில் விளைக்கும் மாறுதலைப் பற்றியே அவர் பேசினார். அவருக்குப் பின் வந்தோர் அதனை ஒரு வாழ்த்துரையாக மாற்றிவிட்டனர். தொடர்பு பெருகினால் வளம் பெருகும். வளர்ந்த நாடுகளோடு இணைந்த நாடு தானும் வளரும். சில நாடுகள் பின்தங்கிக் கிடப்பதற்குக் காரணம் அவை ஒதுங்கி நின்றமையே. இதுவே அவ்வாழ்த்துரையின் சாரம்.

இக்கூற்றை ஆராயாது ஏற்பதற்கில்லை. ஆராய்வதற்கு நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. இன்று வ.உ.சி. துறைமுகம் எனப் பெயர் தாங்கி நிற்கும் தூத்துக்குடியும், அதன் தெற்கே பழைய காயல், கொற்கை, காயல்பட்டினம் என விரியும் முத்துக் கரையும் போதும். உலகத்தோடு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்பு அறுபடாத நிலம் இது. யவனர் வந்தனர், அரபியர் வந்தனர், பாரசீகர் வந்தனர், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தனர். தொடர்பு ஒன்றே வளம் தருமாயின், இக்கரையின் உழைப்பாளர் உலகப் பெருஞ்செல்வர் வரிசையில் இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லாமைக்குக் காரணம் என்ன? இக்கரையைப் பற்றி அயலார் எழுதிய நூல்களையும் நம்மவர் இயற்றிய காப்பியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி கிடைக்கும் என்று நாம் கருதுகிறோம்.

முத்தும் மூச்சும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு கொற்கையைக் குறிப்பிடுகிறது. பாண்டியர்க்கு உரிய அவ்விடத்தில் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்நூலாசிரியர் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறார். அதே நூற்றாண்டில் ரோமாபுரி அறிஞர் பிளினி, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைத் தம் நாட்டிலிருந்து ஈர்த்துக்கொள்வதாகக் குறைபட்டுக்கொண்டார். இவ்விரு செய்திகளையும் இணைத்துப் படிக்க வேண்டும். கடல் கடந்து வந்த பொன் உண்மை. சிப்பிக்காக மூச்சடக்கியவன் தண்டனைக் கைதி என்பதும் உண்மை. ஒரே முத்தின் இரு பக்கங்கள் இவை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் பங்கீட்டை விவரிக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு உரியது. சுறாமீனை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்வோர்க்கு இருபதில் ஒரு பங்கு. குளிப்போர், வணிகர் அமர்த்திய கூலிகள். ஆங்கிலேயர் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. முத்துச் சலாபத்தில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குச் சென்றது. எஞ்சிய ஒரு பங்கைக் குளித்தோரும் படகினரும் பகிர்ந்துகொண்டனர்.

இந்நிலை நம் கரைக்கு மட்டும் உரியதன்று. பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் குறித்து எழுதியிருக்கிறார். ஐந்தில் ஒரு பங்கை அரசர் பெற்றார். மிஞ்சியதை வணிகர் வாங்கினர். அவ்வணிகர்க்குக் குளிப்போரில் பெரும்பாலோர் கடன்பட்டவர்கள். ஆகவே முத்து அவர்கள் கையில் தங்காமல் கடனுக்கே ஈடாகிப் போயிற்று. அங்கே குளித்தவனும் முஸ்லிம், கடன் கொடுத்தவனும் முஸ்லிம், ஆண்டவனும் முஸ்லிம். இதனை நாம் மறைக்கத் தேவையில்லை.

முத்துக்குளிப்போன் இடுப்பில் கயிறு கட்டியே கடலில் இறங்குவான். படகில் ஒருவர் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பார். மூச்சு முட்டும்போது அவன் கயிற்றை அசைப்பான். மேலே உள்ளவர் இழுத்தால் உயிர், இழுக்கத் தவறினால் மரணம். அதனாலேயே மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்பது கரையோர வழக்காயிற்று; தன் உடன்பிறந்தாள் தாலியறுக்க அவன் மனம் ஒப்பான் அன்றோ? தொடர்பு என்பதன் முழு இலக்கணமும் இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. கயிறு இருந்தால் போதாது. அதைப் பிடித்திருப்பவன் உன் உயிரைத் தன் குடும்பத்தின் இழப்பாகக் கருதுபவனா என்பதே வினா.

குதிரையும் லாடமும்

இனிக் குதிரை வணிகத்தைக் காண்போம். இப்பகுதி நம்மவரிடையே பெருமையாகவே பேசப்படுவது. பாண்டியர் காலத்தில் காயல் துறையில் ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தன என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் மஅபர் முதலிய இந்தியக் கரைகளுக்கு ஏற்றுமதியாயின என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். கைஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் பாண்டிய மன்னருக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசவையில் அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

முஸ்லிம் ஒருவர் பாண்டியர்க்கு அமைச்சராக இருந்த இச்செய்தியை நம் எழுத்தாளர் பலரும் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவர். மகிழ்வதற்கு உரியதே. ஆனால் அதே வஸ்ஸாஃப் அடுத்து எழுதுவதையும் படிக்க வேண்டும். வழியில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு கூறு. விற்பவர் தமையன், வாங்குகிற நாட்டின் அமைச்சர் தம்பி, கடலில் மாண்ட குதிரைக்கும் பணம் தருவது இந்நாட்டுக் கருவூலம். கருவூலத்தை நிரப்பியவர் யார்? வரி செலுத்திய உழவரும் மூச்சடக்கிய முத்துக்குளிப்போரும் அல்லரோ?

மார்க்கோ போலோ தரும் செய்தி இதனினும் கூர்மையானது. மன்னரும் அவர் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை. குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியார்; லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் அறிந்தவர் இங்கு இல்லை. வணிகர்கள் அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வரவில்லை. தாமாக வர விரும்பியவரையும் தடுத்தனர். குதிரை மாண்டால்தானே மறுகுதிரை விற்கும்!

வழிப்போக்கரின் கூற்றில் மிகை இருக்கலாம் என்று சிலர் கூறுவர். இருக்கலாம். ஆயினும் நுணுக்கம் தெரிந்த நாடு பொருளை விற்றுக் கலையை ஒளித்துக்கொள்ளும் இவ்வழக்கத்தை இன்றைய உலகில் காணாதார் யார்? இயந்திரம் வரும், அதைப் பழுது பார்க்கும் அறிவு வாராது. மருந்து வரும், அதனைச் செய்யும் முறை வாராது. வளர்ந்த நாடு, ஒதுங்கிய நாடு என்று நாம் பிரித்துப் பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பாண்டிய நாடு ஒதுங்கி நிற்கவில்லை. காயல் துறை கப்பல்களால் நிறைந்திருந்தது. அறிவு மட்டும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

இதனை மேலைநாட்டாரின் குற்றமாக மட்டும் நாம் பேசிப் பழகிவிட்டோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்தவர்களில் நம் சகோதரர்களும் இருந்தனர். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போர்க்குக் கேடு உண்டு என்று அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தில் திருமறை எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கை தராசு பிடிக்கும் கடைக்காரர்க்கு மட்டும் உரியதென நாம் குறுக்கிக்கொண்டோம். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கும் அதுவே அளவுகோல். குதிரையைக் கொடுத்து லாடத்தை மறைப்பதும் குறைத்து அளப்பதன் ஒரு வகையே.

உமறுவின் ஆறுகள்

கடல் வழியாகக் குதிரைகள் மட்டுமா வந்தன? ஓர் எழுத்தும் வந்தது. ஒரு வரலாறும் வந்தது. இவ்விரண்டையும் இக்கரையின் முஸ்லிம்கள் பெற்றுக்கொண்ட முறை முன் சொன்ன வணிகத்திற்கு நேர்மாறானது.

அரபு எழுத்தைப் பெற்ற நம் முன்னோர் தமிழைக் கைவிடவில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர், அரபுத்தமிழ் பிறந்தது. சட்டநூலும் மருத்துவமும் பாடலும் அவ்வெழுத்தில் வீட்டுக்குள் நுழைந்தன. பள்ளிக்கூடம் காணாத பெண்களும் அவற்றைப் படித்தனர். கொண்டு வந்தவர் கொடுத்தபடியே கொள்ளாமல், கருவியைப் பிரித்து, தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்ட செயல் இது. லாடம் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

சீறாப்புராணத்தையும் இக்கண்கொண்டு நோக்க வேண்டும். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைநிலத்தில் நெல் வயலா என்று நகைத்த திறனாய்வாளர் உண்டு. காப்பிய மரபுக்குக் கட்டுப்பட்டார் என்று அமைதி கூறினாரும் உண்டு. மரபு உண்மைதான். ஆயினும் அம்மரபைக் கையாண்டதில் ஒரு மனநிலையும் வெளிப்படுகிறது. தாம் உயிரினும் மேலாகப் போற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நாட்டைப் பாடும்போதும் தம் மண்ணைத் தாழ்வாக அவர் எண்ணவில்லை. அரபு நாட்டின் புனிதத்தைப் பெற்றுக்கொண்டு, பொருநை பாயும் நாட்டின் நீரை அதற்குக் காணிக்கையாகக் கொடுத்தார். கொள்வதும் கொடுப்பதும் அங்கே சமன்.

மக்களைக் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்தும் கருத்து. அறிதல் என்பது இருபுறமும் நிகழ வேண்டியது. ஒருவன் அறிபவனாகவும் மற்றவன் வாங்குபவனாகவும் மட்டும் நின்றால் அது சந்தையாகலாம். அத்தியாயம் சொல்லும் உறவு ஆகாது. உமறுவின் ஆறுகளை நாம் மதிப்பது இவ்வுறவின் அடையாளமாகவே.

எட்டணாக் கட்டணம்

தொடர்பால் தீங்கு விளையுமாயின் கதவை அடைத்துக்கொள்வதே வழி என்று வாதிடுவோரும் உளர். இவர்களுக்கு மறுமொழி 1906-ஆம் ஆண்டின் தூத்துக்குடியில் கிடைக்கும்.

அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. தொடர்பு இருந்தது, அதன் கட்டணம் அயலார் கையில் இருந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் கொழும்புக்குப் போகாதீர் என்று மக்களிடம் சொல்லவில்லை. நம் கப்பலில் போவோம் என்றார். முதலில் பம்பாய் ஷாலைன் கம்பெனியாரின் கப்பலை வாடகைக்கு எடுத்தார். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அது திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள். தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக வீற்றிருந்த கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு முஸ்லிம் வணிகர் ஏற்றார். கயிற்றை மைத்துனன் கையில் கொடுக்கும் வழக்கு இங்கே பொருள் பெற்றது.

காலியோ, லாவோ என்னும் கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் அயல் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்லவும் குடை ஒன்று பரிசளிக்கவும் முன்வந்தது. குடை எவ்வளவு சிறிய பொருள்! ஆனால் அக்குடையின் நிழலில் ஒதுங்கியவர் தம் கப்பலை இழந்தனர். 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே 1906-இல் எதிர்க்கரையில், இலங்கையின் முத்துப்பார்களை லண்டன் கம்பெனி ஒன்று இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி வற்றியது. சில ஆண்டுகளில் அக்கம்பெனியும் கலைந்தது. இரு கம்பெனிகளும் தோற்றனவே என்று எவரும் ஒப்பிட்டுவிட வேண்டாம். ஒன்று அள்ளத் தொடங்கி, அள்ள ஒன்றும் இல்லாமையால் ஒழிந்தது. மற்றொன்று சமமாகச் செல்லத் தொடங்கி, சமமாகச் செல்லவிடாமையால் அழிந்தது.

துறைமுகமும் எல்லைக்கோடும்

இன்றைய நிலைக்கு வருவோம். 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ.சி.யின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கப்பலை இழந்தவர் பெயரில் துறைமுகம் அமைந்தது பொருத்தமே. நிலக்கரி வந்து இறங்குகிறது; நூலும் துணியும் உப்பும் காற்றாலை இறக்கைகளும் ஏறுகின்றன. ஆனால் கடல் கடந்து செல்லும் கொள்கலன்களில் பெரும் பகுதி சிறு கப்பல்களில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெருங்கப்பல்களுக்கு மாற்றப்பட்டே உலகை அடைகிறது. 1906-இல் நாம் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை.

அதே 1974-ஆம் ஆண்டின் ஜூனில் பாக் நீரிணையிலும், 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. கொள்கலனுக்குக் கடல் திறந்தது. மீனவனுக்கு அது கோடாயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய பயணியர் கப்பலும் அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. சரக்கு எளிதில் கடக்கிறது. பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பங்கள் வானூர்தி தேடி ஓடுகின்றன. உலகச் சிற்றூரில் அடுத்த வீடு தொலைவில் இருக்கிறது.

சரக்கை மாற்றித் தரும் கொழும்பாவது செழித்ததா? கிழக்கு மேற்குக் கப்பல் வழியின் நடுவில் அமைந்த துறை அது. ஒரு நாடு உலகத்தோடு இதைவிட நெருங்கி இணைந்திருக்க முடியாது. ஆயினும் அந்நாட்டின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அரசு அறிவித்தது. அவ்வாண்டு, விலை கொடுக்க டாலர் இல்லாமையால் எரிபொருள் ஏற்றிய கப்பல் கரைக்கு அருகே காத்துக்கிடக்க, மக்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றனர். அப்பொழுது தமிழ்நாடு அறிவித்த உதவி 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் ஆகும். முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்தும், அடுத்தது ஜூனில் இதே தூத்துக்குடியிலிருந்தும் சென்றன. கடன் கொடுத்தோர் பிடித்திருந்த கயிறு ஒரு வகை. அரிசி மூட்டையைக் கட்டிய கயிறு வேறொரு வகை.

செய்தித் தொடர்பிலும் நிலைமை இதுவே. யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராக செனகல் நாட்டு முஸ்லிம் அறிஞர் அமது மக்தார் எம்போவ் விளங்கிய காலத்தில், 1980-இல் மெக்பிரைடு குழுவின் அறிக்கை வெளிவந்தது. பல குரல்கள், ஓர் உலகம் என்பது அதன் தலைப்பு. செய்தி வளர்ந்த நாடுகளிலிருந்து ஒரு வழியாகவே பாய்கிறது; ஏழை நாடுகளின் குரல் கேட்கப்படுவதில்லை என்று அது எடுத்துக்காட்டியது. எண்பதுகளின் நடுவில் அமெரிக்கா அந்நிறுவனத்தை விட்டே வெளியேறிற்று. 2024-ஆம் ஆண்டின் கணக்குப்படி உலக மக்களில் 260 கோடிப் பேர் இணையத்தைத் தொடாதவர்கள். வருவாய் மிகுந்த நாடுகளில் நூற்றுக்கு 93 பேர் இணையத்தைப் பயன்படுத்த, வருவாய் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 27 பேரே பயன்படுத்தினர். இணைப்புப் பெறாதவரின் இழப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கடல் விலகி உள்நாட்டுச் சிற்றூராகிப்போன கொற்கையைக் கண்டோர் ஒதுங்கி நிற்பதன் துயரை அறிவர். ஆனால் அந்த 27 பேரும் பிறர் ஆக்கியதைப் பார்ப்பவராக மட்டும் இருப்பின், குதிரை வாங்கிய பாண்டியனின் நிலைதான் அவர்க்கும்.

நம் வீடுகளின் கணக்கு

இவையெல்லாம் நாடுகளின் கதை என்று நம் வாசகர் விலகி நிற்க வேண்டாம். இக்கரையிலும் பிற ஊர்களிலும் உள்ள முஸ்லிம் இல்லங்களில் வளைகுடா செல்லாத குடும்பம் அரிது. விசாவுக்குப் பட்ட கடன், அதற்கு வட்டி, அதை அடைக்கச் சில ஆண்டு உழைப்பு என்னும் வரிசையை நாம் அறிவோம். இப்னு பதூதா கண்ட கடனாளிகள் குளித்த அதே கடலின் ஓரத்தில்தான் நம் பிள்ளைகளும் உழைக்கிறார்கள். நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்க்கிறோம், தொடர்புக்குக் குறைவில்லை. கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, ஊதியத்தை எவர் முடிவு செய்கிறார், திரும்பி வரும் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்று வருகிறான் என்பனவற்றை நாம் கேட்பதில்லை. வந்த பணத்தில் மாடி எழும்புகிறது; தொழிற்பயிற்சிக்கூடம் எழும்புவது அரிதாகவே இருக்கிறது.

நம்மிடம் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் வணிகர்களும் உள்ளனர். கூலியாளின் கயிறு நம் கையில் இருக்கும்போது நாம் மைத்துனனாக நடந்துகொள்கிறோமா, குதிரை வணிகனாக நடந்துகொள்கிறோமா? வளர்ந்த நாடுகளை நோக்கி நீதி கேட்கும் தகுதி, இவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது.

இக்கரையிலேயே ஒரு நல்ல அடையாளமும் உண்டு. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. ஆனால் ஜப்பானியர் நெடுங்காலம் தம்மிடமே காத்துவந்த முத்து வளர்ப்புக் கலையை, 1973-இல் தூத்துக்குடிக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாளர்கள் தம் முயற்சியால் இங்கேயே செய்து காட்டினர். எவரும் கற்றுத்தர முன்வராத லாடக் கலையைத் தாமே கற்றுக்கொண்ட செயல் அது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் தோணிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அங்கே கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிவர்.

உலகம் ஒன்றாகட்டும்; அதை நாம் வரவேற்கிறோம். தௌஹீதை நம்பும் சமுதாயம் மனிதகுல ஒற்றுமையை மறுக்க இயலாது. ஆனால் எவரேனும் நம்மிடம் வந்து, உங்களை உலகோடு இணைக்கிறோம் என்று கயிற்றை நீட்டும்போது, மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார், அவர் நமக்குக் கற்றுத்தரப் போவது என்ன, குதிரை வழியில் இறந்தால் விலை கொடுப்பவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டே இடுப்பில் கட்டிக்கொள்வோம். பிறருக்கு நாம் கயிறு நீட்டும் நாளில், அவர்கள் கேட்கும்முன் இம்மூன்றுக்கும் விடை சொல்லிவிடுவோம்.